வெளியே பருத்தி, உள்ளே பட்டு (பெருநகரங்களின் கதை: எடோ – 2)

1721-இல் எட்டாவது ஷோகன் யோஷிமுனே, இன்றைய டோக்கியோவான எடோவின் குடிகளை எண்ணச் சொன்னார். வணிகர், கைவினைஞர், கூலியாட்கள் என்று சாதாரண ஜனங்கள் மட்டும் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தார்கள். சாமுராய்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அது படைபலம் சம்பந்தப்பட்ட ரகசியம். அவர்களும் ஏறக்குறைய அதே அளவு இருந்திருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. ஆக மொத்தம் பத்து லட்சம் பேர். அப்போதைய லண்டனிலும் பாரிஸிலும் அத்தனை பேர் இல்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எண்ணப்பட்ட 5 லட்சத்தில் ஆண்கள் 3.23 லட்சம், பெண்கள் 1.78 லட்சம். நூறு பெண்களுக்கு நூற்றெண்பது ஆண்கள். சாமுராய்களையும் சேர்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். சென்ற பகுதியில் பார்த்த 1635-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முதல் காரணம். ஏறத்தாழ 260 சிற்றரசர்களும் ஓராண்டு சொந்த நாட்டிலும் மறு ஆண்டு எடோவிலும் மாறிமாறி இருந்தாக வேண்டும். அவர்களோடு வந்த பரிவாரத்தில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். பெரிய ஜவுளிக்கடைகளிலும் இதே கதைதான். 1673-இல் மிட்சுயி குடும்பம் தொடங்கிய எச்சிகோயா போன்ற கடைகள், முதலாளியின் சொந்தப் பகுதியிலிருந்து பையன்களைக் கூட்டிவந்து கடையிலேயே தங்கவைத்து வேலை வாங்கின. அவர்களுக்குக் கல்யாணம் ஆக முப்பது வயது தாண்டும். தச்சர், கூரை வேய்பவர், சுமைகூலி என்று பிழைப்புத் தேடி வந்த தனியாட்கள் வேறு.

சமைத்துப் போட ஆளில்லாத இத்தனை ஆண்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே சாப்பாட்டுக்கடை முளைக்காமல் இருக்காது. ஆனால் எடோவின் கடைத்தெருவுக்கு உருவம் கொடுத்தது பசி மட்டுமல்ல, நெருப்பும்தான்.

தீ விட்ட இடம்

1657-இன் தொடக்கத்தில் பற்றிய மெய்ரெக்கி பெருந்தீ, மூன்று நாளில் நகரத்தின் பாதிக்கு மேல் சாம்பலாக்கியது. இறந்தவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. சுமிதா ஆற்றைக் கடந்து தப்பப் பாலம் இல்லாததால் கரையில் சிக்கி மாண்டவர்கள் ஏராளம். அதற்குப் பிறகுதான் ரியோகோகு பாலம் கட்டப்பட்டது. பாலத்துக்கும் கோவில்களுக்கும் பக்கத்தில் வீடுகளை அகற்றிப் பரந்த வெளிகளை விட்டார்கள். தீ ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பது நோக்கம். அங்கே நிரந்தரக் கட்டடம் எழுப்பத் தடை. ஆனால் காலையில் விரித்து இரவில் சுருட்டிவிடும் கடைக்குத் தடை இல்லை.

நகரத்தின் நடுவில், ஆற்றங்கரையில், ஆள்நடமாட்டம் மிகுந்த இடத்தில் இப்படி ஒரு வெற்றுநிலம் கிடைத்தால் விடுவார்களா? மூங்கிலும் பாயும் கொண்டு கட்டிய பந்தல்களில் வித்தைக்காரர்கள், கதைசொல்லிகள், தேநீர்க் கடைகள், பண்டம் பொரிப்பவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். தீயணைப்புக்காக விட்ட ரியோகோகு வெளி, அடுத்த நூறாண்டில் நகரத்தின் மிகப்பெரிய கேளிக்கை மைதானம் ஆகிவிட்டது. ஐந்தாம் மாதம் 28-ஆம் தேதி தொடங்கி மூன்று மாதம், மாலைக் காற்று வாங்க ஆற்றில் படகுகள் நிறையும். காகியா, தாமாயா என்ற இரண்டு வாணவேடிக்கைக் கம்பெனிகள் போட்டிபோட்டு வெடிக்கும். ஜனங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கூவி உற்சாகப்படுத்துவார்கள்.

தீ எரித்த நகரத்தைத் திரும்பக் கட்ட வந்த கூலிகளுக்குச் சோறு வேண்டியிருந்தது. அசாகுசா கோவில் வாசலில், தேநீரில் வேகவைத்த சோறு, டோஃபு சாறு, வேகவைத்த பயறு மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுத்த கடையே எடோவின் முதல் சாப்பாட்டுக்கடை என்று சொல்வது வழக்கம். அதற்கு முன்பு உட்கார்ந்து முழுச்சாப்பாடு சாப்பிட இந்த ஊரில் இடமே இருந்ததில்லையாம்.

வீட்டில் சமைப்பதும் அவ்வளவு எளிதாக இல்லை. நகர நிலத்தில் பெரும்பகுதி சாமுராய் மாளிகைகளுக்கும் கோவில்களுக்கும் போய்விட, மீதி ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லாத இடத்தில் ஐந்து லட்சம் பேர் நெருக்கியடித்தார்கள். கடைவீதிக்குப் பின்னாலிருந்த சந்துகளில் ஒண்டுக்குடித்தன வரிசைகள். ஒரு வீட்டின் அளவு பெரும்பாலும் ஒன்பது அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம். அதில்தான் வாசற்படி மண்தரை, அடுப்பு, தண்ணீர்ப்பானை, படுக்கை எல்லாம். கிணறும் கழிப்பிடமும் பொது. குளியலுக்குத் தெருமுனைக் குளியல்கடை. காலையில் ஒருமுறை அடுப்பு மூட்டிச் சோறு வடித்துவிட்டால், மற்றதெல்லாம் வாசலுக்கு வரும். தோளில் காவடித் தண்டும் இரண்டு பக்கமும் கூடையுமாக மீன், டோஃபு, கீரை, சிப்பி, புளித்த சோயா என்று விற்பவர்கள் விடியலிலிருந்து கூவிக்கொண்டு போவார்கள்.

கையேந்தித் தின்ற பண்டங்கள்

1804-இல் எடுத்த கணக்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உணவுக்கடைகள் தெரிந்தன. தெருவோரம் நின்று விற்றவர்கள் இதில் சேர்த்தியில்லை. எடோவின் பெயர்பெற்ற பண்டங்கள் பெரும்பாலும் அந்தச் சேர்த்தியில்லாத ஆட்களிடம்தான் பிறந்தன. நம் ஊர்க் கையேந்திபவன் மாதிரி, நின்றபடி வாங்கி, நின்றபடி தின்று, காசைப் போட்டுவிட்டுப் போகும் கடைகள் அவை.

பக்வீட் மாவில் திரட்டி வெட்டிய ஸோபா நூடுல்ஸ் ஒரு கிண்ணம் 16 மொன் காசு. நெடுங்காலம் இந்த விலை மாறவேயில்லை. அப்போது தேர்ந்த தச்சரின் நாள்கூலி 400, 500 மொன் இருக்கும். ராத்திரி வெகுநேரம் வரை அடுப்பையும் கிண்ணத்தையும் தோளில் சுமந்துகொண்டு ஸோபா விற்பவர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். 1860-இல் மாவு விலை ஏறியபோது கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அப்போது எடோவில் நிலையாக இருந்த ஸோபா கடைகள் மட்டும் 3,763.

டெம்புரா முதலில் கடைக்குள் பொரிக்கப்படவில்லை. கொதிக்கும் எண்ணெயை மரவீட்டுக்குள் வைப்பது ஊரைக் கொளுத்துவதற்குச் சமம். அதனால் வெட்டவெளியில், ஆற்றோரத்தில் பொரித்தார்கள். விரிகுடாவில் அன்று பிடித்த உளுவை, இறால், கடல்விலாங்கு, சிப்பி ஆகியவற்றை மாவில் தோய்த்து, நல்லெண்ணெயில் போட்டு எடுத்துக் குச்சியில் செருகிக் கொடுப்பார்கள். கடைமுன்னால் ஒரு பெரிய கிண்ணத்தில் சோயா சாறு. வருகிறவர் எல்லாரும் அதே கிண்ணத்தில் முக்கித் தின்றுவிட்டு, பக்கத்தில் துருவி வைத்த முள்ளங்கியை வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். குச்சி ஒன்று 4 மொன், 6 மொன். மானம் மரியாதை பார்க்கிற சாமுராய், முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வந்து தின்பதைச் சித்திரங்களில் காணலாம்.

சூஷியின் கதை கொஞ்சம் நீளம். பழைய சூஷி என்பது மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பது. பின்னர் அதைப் பெட்டியில் வைத்துச் சில மணிநேரம் அழுத்தி எடுக்கும் முறை வந்தது. அந்தச் சில மணிநேரமும் எடோக்காரனுக்குப் பொறுக்கவில்லை. 1820-களில் ரியோகோகு பக்கத்தில் கடை வைத்திருந்த ஹனாயா யோஹேய், வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே ஒரு துண்டு மீனை வைத்து உடனே கொடுக்கும் முறையைப் பரப்பினார். அவரே கண்டுபிடித்தாரா என்பதில் வாதம் உண்டு. பெயர் அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அப்போதைய சூஷி, இன்றையதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய உருண்டை. இரண்டு தின்றால் பசியடங்கும். பனிக்கட்டி கிடையாது என்பதால் பச்சை மீனை அப்படியே வைக்க முடியாது. வினிகரில் ஊறவைப்பார்கள், வேகவைப்பார்கள், சோயாவில் முக்கி எடுப்பார்கள். சூரை வகையில் பெரிதான டூனாவின் கொழுப்புச் சதையை, பூனைகூடத் தாண்டிப் போகும் என்று சொல்லி எறிந்தார்கள். இன்றைய சூஷி கடைகளில் மிக விலையுயர்ந்த துண்டுகளில் ஒன்று அது.

யோஹேயின் அவசரத்துக்குப் பின்னால் ஒரு தொழில் கணக்கும் இருக்கிறது. அரிசி வினிகர் விலை அதிகம். ஹண்டா ஊரைச் சேர்ந்த நகானோ மத்தாசேமோன் என்ற சாக்கே (அரிசி மது) வடிப்பவர், சாக்கே பிழிந்தெடுத்த சக்கையிலிருந்து வினிகர் செய்ய 1804 வாக்கில் தொடங்கினார். செந்நிறம், இயல்பான இனிப்பு, குறைந்த விலை. கப்பலேறி எடோவுக்கு வந்த அந்த வினிகர் இல்லாவிட்டால் சில்லறைக் காசுக்குச் சூஷி கொடுத்திருக்க முடியாது. அவர் தொடங்கிய நிறுவனம் மிட்ஸ்கான் என்ற பெயரில் இன்றும் வினிகர் விற்கிறது. சோயா சாறும் இதே மாதிரிதான். தொடக்கத்தில் நல்ல சோயா எல்லாம் மேற்கே ஒசாக்கா பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. டோனே, எடோ ஆறுகளின் கரையிலிருந்த நோதா, சோஷி ஊர்க்காரர்கள் அதைவிடக் கறுப்பாக, மணமாகக் காய்ச்சி ஆற்றுப்படகில் நேரே நகரத்துக்கு அனுப்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குச் சோயாவுக்கு எடோவில் இடமில்லாமல் போயிற்று. சுட்ட விலாங்கின் பளபளப்பு, ஸோபா சாற்றின் கறுப்பு இரண்டும் இந்த ஆற்றுவழி வியாபாரம் கொடுத்த நிறம்.

நகரம் தின்றது மறுபடி வயலுக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒண்டுக்குடித்தனக் கழிப்பிடங்களின் மலத்தைச் சுற்றுவட்டார விவசாயிகள் காசு கொடுத்து, அல்லது முள்ளங்கியும் கத்திரிக்காயும் கொடுத்து அள்ளிச் சென்றார்கள். அந்த வருமானம், வாடகை வசூலித்து வீடுகளைப் பார்த்துக்கொண்ட நிர்வாகியின் உரிமை. நன்றாகச் சாப்பிடும் வட்டாரத்துச் சரக்குக்கு விலை கூட.

பீப்பாயும் சூரை மீனும்

குடிக்கும் விஷயத்தில் எடோ கடைசிவரை மேற்கை நம்பியே இருந்தது. இதாமி, பிறகு நாதா ஊர்களில் வடித்த சாக்கே, சுகி மரப் பீப்பாய்களில் தனிக் கப்பல்களில் வரும். வழியெல்லாம் அலையில் குலுங்கி, மரத்தின் வாசனை ஏறி, வடித்த ஊரில் குடிப்பதைவிட எடோவில் இறங்கியபோது ருசி கூடியிருக்கும் என்பார்கள். ஆண்டுதோறும் புதுச் சாக்கே ஏற்றிய கப்பல்கள் ஒரே நாளில் புறப்பட்டுப் போட்டிபோட்டு எடோவுக்கு ஓடிவரும். முதலில் வந்த கப்பலுக்கு மரியாதையும் நல்ல விலையும் உண்டு.

காண்டா பக்கம் கமாகுரா படித்துறையில் தோஷிமாயா என்ற கடை இருந்தது. அங்கே சாக்கேயைக் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே விற்றார்கள். கூடவே பெரிய துண்டு டோஃபுவில் மிசோ என்ற சோயா விழுது தடவிச் சுட்டு மலிவாகக் கொடுத்தார்கள். கூலிகளும் சாமுராய் வேலைக்காரர்களும் குதிரைக்காரர்களும் கூட்டம் கூட்டமாக நின்று குடித்தார்கள். லாபம் எங்கே? காலிப் பீப்பாயில். அந்த மரப் பீப்பாய்க்கு ஊறுகாய், மிசோ செய்பவர்களிடம் எப்போதும் கிராக்கி. குடி அதிகமானால் பீப்பாய் சீக்கிரம் காலியாகும், காலியானால் காசு. மதுக்கடையில் நின்று குடிக்கும் பழக்கம், தொட்டுக்கொள்ள ஏதாவது வைப்பது என்ற ஜப்பானிய இசகாயாவின் அடிப்படைகள் இத்தகைய கடைகளில் உருவானவை.

தெருக்கடை இப்படியென்றால், பணக்காரர்களின் நாக்கு வேறு விதமாகப் பேசியது. நான்காம் மாதத்தில் கடலில் வரும் முதல் சூரை மீனைத் தின்பது எடோக்காரர்களுக்கு ஒரு வெறி. 1812-இல் நிஹோம்பாஷி மீன்சந்தைக்கு வந்த முதல் வரத்து 17 மீன். அதில் 6 ஷோகன் அரண்மனைக்குப் போயிற்று. 3 மீனை யாஒசேன் என்ற உணவகம் ஒவ்வொன்றும் 2 ரியோ பொற்காசுக்கு மேல் கொடுத்து வாங்கியது. மீதி 8 மீன்கடைகளுக்கு. அந்த எட்டில் ஒன்றை 3 ரியோ கொடுத்து வாங்கியவர் கபுக்கி நாடக நடிகர் மூன்றாம் நகாமுரா உத்தாஏமோன். வாங்கித் தன் நாடகக் கொட்டகையின் கீழ்நிலை நடிகர்களுக்கு விருந்து வைத்தார். ஒரு வேலைக்காரப் பெண் வருஷம் முழுக்க உழைத்தால் கிடைக்கும் சம்பளம் இரண்டு ரியோ அளவில் இருந்த காலம் அது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஷோகனின் கீழ்நிலை அதிகாரியும் நையாண்டிக் கவிஞருமான ஓத்தா நான்போ.

அந்த யாஒசேன்தான் எடோவின் முதல்தர உணவகம். அதன் உரிமையாளர் குரியாமா சென்ஷிரோ 1822-இல் தொடங்கிப் பல பாகங்களாகச் சமையல் நூல் வெளியிட்டார். முன்னுரைக்கு நான்போ, படங்களுக்கு ஹொக்குசாய் முதலிய ஓவியர்கள். அந்தக் கடையைப் பற்றி ஒரு கதை ஊரெல்லாம் உலவியது. விருந்து தின்று சலித்த சிலர், தேநீர் ஊற்றிய சோறும் ஊறுகாயும் போதும் என்றார்களாம். அரைநாள் காத்திருந்த பிறகு சோறு வந்தது. கூடவே 1 ரியோ 2 பூ (ஒன்றரை ரியோ) என்று கணக்கும் வந்தது. பருவமில்லாக் காலத்துக் காய்கறி ஊறுகாய். தேநீருக்குப் பொருத்தமான தண்ணீரை ஆளோட்டித் தாமா ஆற்றிலிருந்து எடுத்துவரச் செய்ததால் அந்தக் கூலி என்று விளக்கம் சொன்னார்களாம். கதை எவ்வளவு மெய்யோ, இப்படிப்பட்ட விலையைப் பெருமையாகப் பேசும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பது மெய்.

சுமோ மல்லர்களின் தரவரிசைத் தாளைப்போலவே உணவகங்களையும் கிழக்கு, மேற்கு என்று பிரித்துத் தரவரிசைப்படுத்தி ஒற்றைத் தாளாக அச்சடித்து விற்றார்கள். விலாங்குக் கடைக்குத் தனித்தாள், ஊருக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகப் பொதுத்தாள். யார் முதலிடம் என்று தெருமுனையில் சண்டை.

ஒரு சங்கதி இந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் இருந்தது. கிராமத்தில் சிறுதானியமும் தவிட்டரிசியும் தின்றவர்கள் எடோவில் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளைச் சோறு தின்றார்கள். தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஊறுகாய். கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சடைத்துப் பலர் செத்தார்கள். ஊருக்குத் திரும்பினால் தானாகக் குணமாகிவிடும் என்பதால் அதற்கு எடோ நோய் என்றே பெயர். பெரிபெரி என்றும், தவிட்டோடு போன வைட்டமின்தான் காரணம் என்றும் தெரிய 20-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

தடைபோட்ட அழகு

1681-இல் ஐந்தாம் ஷோகன் சுனயோஷி உயேனோ கோவிலுக்குப் போகும் வழியில், ஒரு வீட்டு முன்னால் பட்டும் ஜரிகையுமாக அலங்கரித்த பெண்ணும், அவளைச் சுற்றி வாசனைப்புகை போடும் பணிப்பெண்களும் நிற்பதைக் கண்டார். சிற்றரசரின் மனைவி என்று நினைத்து விசாரித்தால், இஷிகாவா ரொகுபேய் என்ற வணிகரின் மனைவி. அந்தக் குடும்பத்தின் சொத்து பறிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

வணிகனிடம் எவ்வளவு பணம் சேர்ந்தாலும் அவன் சமூக அடுக்கின் கீழ்ப்படியில்தான் நிற்க வேண்டும். பதவி வாங்க முடியாது, பெரிய வாசல் வைத்து வீடு கட்ட முடியாது, விரும்பியதை உடுத்தவும் முடியாது. நகரத்தார் எந்தத் துணி உடுத்தலாம், எந்த நிறம் கூடாது என்று ஆணைமேல் ஆணை வந்தது. பருத்தி, சணல், சாதாரண வகைப் பட்டு; அடர்த்தியான செம்மையும் ஊதாவும் தவிர்க்கப்பட வேண்டும். பணம் போக வழி வேண்டுமல்லவா? அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிற்று. மேலே மங்கலான பருத்தி அங்கி, உள்ளே தைத்த லைனிங்கில் பெயர்பெற்ற ஓவியர் வரைந்த பட்டு. கையை நீட்டும்போதோ அங்கியைக் கழற்றும்போதோ ஒரு கணம் மின்னிவிட்டு மறையும். அதைக் கவனிக்கத் தெரிந்தவனுக்கே அது காட்டப்பட்டது.

நிறத்திலும் இதே தந்திரம். பழுப்பும் சாம்பலும் மட்டும்தானா, சரி என்று சாயக்காரர்கள் அந்த இரண்டுக்குள்ளேயே எண்ணற்ற சாயல்களை உண்டாக்கினார்கள். பழுப்பில் நாற்பத்தெட்டு, சாம்பலில் நூறு என்பது ஊர்ப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், பல நடிகர்களின் பெயரில். தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிந்து, அருகில் வந்தால் ஊசிமுனைப் புள்ளிகளாக விரியும் நுண்வடிவங்களும் அப்போதுதான் வழக்கத்துக்கு வந்தன.

கோடு போட்ட துணிக்கு வந்த மவுசுக்குச் சோழமண்டலக் கரையும் ஒரு காரணம். டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் இந்தக் கரையின் மெல்லிய கோட்டுப் பருத்தித் துணியை நாகசாகியில் இறக்கின. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயரால் அந்தத் துணியைச் சாந்தோமே என்றே அழைத்தார்கள். கருநீலத்தில் செம்பழுப்பு இழை ஓடும் அந்தத் துணி எடோவின் ரசிகர்களிடையே கௌரவச் சின்னமானது. கிடைப்பது அரிது, விலை அதிகம். ஆனால் பார்த்தால் வெறும் பருத்தி. சட்டம் குறைசொல்ல முடியாத ஆடம்பரம். பிறகு உள்ளூர் நெசவாளிகளும் அதேபோல நெய்யக் கற்றார்கள்.

இந்தப் புது வழக்கங்களை ஊருக்குக் கொண்டுசேர்த்தது கபுக்கி மேடை. நாடகம் விடியலில் தொடங்கி அந்தியில் முடியும். விளக்கேற்றினால் தீ அபாயம். பக்கத்துத் தேநீர்விடுதிகள் வசதியுள்ளவர்களுக்கு இருக்கை பிடித்துக் கொடுக்கும், இடைவேளையில் பலகாரமும் கட்டுச்சாப்பாடும் சூஷியும் அனுப்பும். 1629 முதல் மேடையில் பெண்களுக்குத் தடை என்பதால் பெண்வேடமும் ஆண்களே கட்டினார்கள். ஆனால் நகரத்துப் பெண்கள் தலைப்பின்னலையும் இடைப்பட்டை கட்டும் விதத்தையும் அந்த ஆண்களைப் பார்த்தே மாற்றிக்கொண்டார்கள். சனோகாவா இச்சிமாட்சு என்ற நடிகர் 1740-களில் மேடையில் அணிந்த கட்டம் போட்ட வடிவம் அவர் பெயராலேயே நிலைத்து, 2020 டோக்கியோ ஒலிம்பிக் சின்னம் வரை வந்திருக்கிறது. அரண்மனைப் பெண்களுக்கும் இந்த மயக்கம் இருந்தது. 1714-இல் எஜிமா என்ற உயர்நிலைப் பணிப்பெண், கோவிலுக்குப் போன இடத்தில் நாடகமும் பார்த்துத் தாமதமாகத் திரும்பியது பெரிய விவகாரமாகி, அவள் எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டாள். நான்கு நாடக அரங்குகளில் ஒன்று மூடப்பட்டு, எடோவுக்கு மூன்றே மிஞ்சின.

1765-இல் சுசுகி ஹருநோபுவின் பலவண்ண மரச்செதுக்கு அச்சுகள் வந்ததும் நடிகர் முகமும் புதுத்துணியும் தேநீர்க்கடைப் பெண்ணும் தாளில் ஏறின. ஒரு படத்தின் விலை ஒரு கிண்ணம் ஸோபா அளவுக்கே இருந்தது. யானாகா பகுதிக் கோவிலருகே தேநீர்க் கடையில் இருந்த ஓசென் என்ற பெண், ஹருநோபுவின் படங்களால் ஊர் முழுக்கத் தெரிந்தவள் ஆனாள்; கடையில் கூட்டம் தாங்கவில்லை. பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ இந்த வியாபாரத்தின் மூளை. யோஷிவாரா பரத்தையர் தெருவின் கைடு புத்தகங்களை விற்றுத் தொழிலில் நுழைந்து, உத்தாமாரோ, ஷாராக்கு போன்றவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். யோஷிவாராவைப் படங்கள் பூச்சொரியும் சொர்க்கமாகவே காட்டின. கடனுக்காகப் பெற்றோரால் சிறுவயதில் விற்கப்பட்டு, அகழிக்கு வெளியே போக அனுமதியில்லாமல், இளமையிலேயே செத்தவர்களைப் பக்கத்துக் கோவிலில் கொண்டுபோய்ப் போட்டதை அவை காட்டவில்லை.

சீர்திருத்தக்காரர்கள்

அரசு மூன்று தடவை பெரிய அளவில் செலவைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. முதல் தடவை யோஷிமுனே. அவர் ஒருபக்கம் சிக்கனம் பேசினார், மறுபக்கம் அசுகாயாமா குன்றிலும் சுமிதா கரையிலும் செர்ரி மரங்கள் நட்டு ஜனங்கள் உட்கார்ந்து குடித்துக் கும்மாளமிட இடம் கொடுத்தார். கெட்டிக்காரர்.

இரண்டாவது, 1787 முதல் 1793 வரை மட்சுதாய்ரா சதானோபு. சாமுராய்களின் அரிசிச் சம்பளத்தைக் காசாக்கிக் கொடுத்து, கடனும் கொடுத்துக் கொழுத்த குராமாயே தரகர்களே அப்போது எடோவின் பெரிய ஆடம்பரக்காரர்கள். 1789-இல் ஓர் ஆணையில் அவர்களுக்கு வரவேண்டிய 11 லட்சம் ரியோவுக்கு மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்தார். 1791-இல் தடையை மீறிக் கதைப்புத்தகம் வெளியிட்டதற்காகச் சுதாயாவின் சொத்தில் பாதி பறிமுதல்; எழுத்தாளர் சந்தோ கியோதேனுக்கு ஐம்பது நாள் கைவிலங்கு. பரத்தையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் அச்சிடக்கூடாது என்று 1793-இல் விதி வந்தது. உத்தாமாரோ பெயரை எழுதவில்லை. படத்தின் மூலையில் சில பொருட்களை வரைந்தார். அவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் அந்தப் பெண்ணின் பெயர் வரும். விடுகதை போடும் சாக்கில் வியாபாரம் இன்னும் சூடுபிடித்தது. அதையும் 1796-இல் தடைசெய்தார்கள்.

மூன்றாவதுதான் கடுமை. 1841-இல் மிசுனோ தாதாகுனி தொடங்கிய தென்போ சீர்திருத்தத்தில், இருநூறுக்கு மேலிருந்த கதைசொல்லும் அரங்குகள் பதினைந்தாகக் குறைக்கப்பட்டன. நாடகக் கொட்டகைகளை அடியோடு ஒழிக்கவே திட்டம். நகர நீதிபதி தோயாமா காகேமோட்டோ எதிர்த்து வாதாடியதால், மூன்றையும் அசாகுசாவுக்குப் பின்னாலிருந்த ஒதுக்குப்புறத்துக்கு விரட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மேடையின் முதல் நட்சத்திரம் ஏழாம் டான்ஜூரோ, ஆடம்பரக் குற்றத்துக்காக 1842-இல் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். விலையுயர்ந்த சூஷி விற்றதற்காக யோஹேய் உள்ளிட்டவர்களுக்குக் கைவிலங்கு மாட்டினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. நடிகர் படங்களுக்குத் தடை வந்தபோது ஓவியர் குனியோஷி பூனைகளுக்கு நடிகர் முகத்தை வைத்தார். இன்னொரு முறை, சுவரில் யாரோ கிறுக்கியது போலவே நடிகர்களை வரைந்து வெளியிட்டார். வாங்குகிறவர்களுக்கு யார் யாரென்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1843-இல் மிசுனோ பதவியிழந்தார். அன்று ஊர்க்கூட்டம் அவர் மாளிகையைச் சூழ்ந்து கல்லெறிந்தது. கதைசொல்லும் அரங்குகள் மறுபடி பெருகின. நாடகக் கொட்டகைகள் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அவை போன ஒதுக்குப்புறமே புது நாடகத் தெருவாயிற்று.

ஆணைகள் சாதிக்காததை அரசியல் சாதித்தது. 1862-இல் சிற்றரசர்களின் எடோ வாசம் தளர்த்தப்பட்டு, மூன்றாண்டுக்கு நூறு நாள் போதும், மனைவி மக்களும் ஊருக்குப் போகலாம் என்று ஆனது. மாளிகைகள் காலியாயின. அவற்றை நம்பியிருந்த மீன்வியாபாரி, சாயக்காரர், சாக்கே கடைக்காரர் எல்லாரும் தவித்தார்கள். 1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்து ஊர் டோக்கியோ ஆனபோது மக்கள்தொகை பாதியாகச் சரிந்திருந்தது. 1872-இல் ஒரு நாடக அரங்கு நகரின் நடுப்பகுதிக்குத் திரும்பியது. 1889-இல் கின்சா பக்கத்தில் கபுக்கி-சா எழுந்தது. யோஹேய் பரப்பிய கைப்பிடிச் சூஷி நெடுங்காலம் இந்த ஒரே ஊரின் பண்டமாகவே இருந்தது. 1923-இல் நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவை அழித்தபோது கடையிழந்த சமையற்காரர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்ப் பிழைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகே அது நாடு முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய சுகாதார விதிகள் தெருவோரச் சூஷி கடைகளைத் தடைசெய்தன. கடைக்காரர்கள் பலகையோடு உள்ளே போய், வாடிக்கையாளர்களுக்கு நாற்காலி போட்டார்கள்.